பிரிட்டனில் வேலை நேர்காணல்: ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனின் அரசுத் துறைகளிலும், என்ஹெச்எஸ் எனப்படும் தேசிய சுகாதார சேவையிலும், பெரிய நிறுவனங்களிலும் நேர்காணல் என்பது பெரும்பாலும் மதிப்பெண் தாளை முன்னால் வைத்துக்கொண்டு நடத்தப்படும் ஒரு தேர்வு. எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகள் கேட்கப்படுகின்றன. குழுவில் உள்ளவர்கள் பதிலைக் குறிப்பெடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக மதிப்பெண் இடுகிறார்கள். ஆனால் எதைச் சொன்னால் மதிப்பெண் கிடைக்கும் என்பதில் பாதிதான் வெளியே சொல்லப்படுகிறது. மீதியை அங்கேயே வளர்ந்தவர்கள் பழக்கத்தால் ஊகித்துக்கொள்கிறார்கள். ஆட்டிசம், ஏடிஹெச்டி எனப்படும் கவனச்சிதறல் நிலை, டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு, எழுத்துச் சிரமம் போன்ற நரம்பியல் வேறுபாடு உள்ள ஒருவருக்கு அந்த ஊகம்தான் கடினம். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிக்கும்போது அது இன்னும் கடினம். ஆட்டிசம் உடையவர்களின் வேலைவாய்ப்பு பற்றி பிரிட்டன் அரசுக்காகத் தயாரிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் வெளியான பக்லண்ட் அறிக்கை, பிரிட்டனில் வேலை செய்யும் வயதில் உள்ள ஆட்டிசம் உடையவர்களில் பத்துக்கு மூன்று பேர் அளவில்தான் வேலையில் இருக்கிறார்கள் என்று குறிப்பிட்டு, ஆள் எடுக்கும் முறையையே முக்கியமான தடைகளில் ஒன்றாகச் சுட்டிக்காட்டியது. ஆகவே இங்கே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஊகிக்க வேண்டியவற்றை முடிந்தவரை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள், கேட்டுப் பெற முடியாதவற்றை முன்கூட்டியே பயின்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மூன்றிலும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தும். வட அயர்லாந்தில் 1995ஆம் ஆண்டின் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அன்றாடச் செயல்களில் கணிசமான பாதிப்பை ஏற்படுத்தி, 12 மாதங்களாவது நீடிக்கும் உடல் அல்லது மனக் குறைபாடு எதுவாயினும் சமத்துவச் சட்டம் அதை மாற்றுத்திறனாகக் கருதுகிறது. இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற வரம்பும் அதற்கான சான்றிதழும் வேண்டும். பிரிட்டன் சட்டத்தில் சதவீதக் கணக்கே இல்லை. அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மருத்துவர் எழுதிய அறிக்கை கையில் இருந்தால் வழக்கு என்று வரும்போது உதவும் என்பது உண்மைதான், ஆனால் நேர்காணலுக்கு ஓர் ஏற்பாட்டை, அதாவது உங்கள் நிலைக்கேற்ப நடைமுறையில் ஒரு மாற்றத்தை, கேட்பதற்கு அது முன்நிபந்தனை அல்ல. விண்ணப்பதாரர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதும் இதற்குப் பொருட்டல்ல.

இந்தச் சட்டத்தின் கீழ், மாற்றுத்திறன் உள்ள விண்ணப்பதாரர் பின்தங்கிவிடாதபடி நியாயமான ஏற்பாடுகளைச் செய்வது வேலை தருபவரின் கடமை. அதற்கு ஆகும் செலவை விண்ணப்பதாரரிடம் வசூலிக்க முடியாது. ஆனால் உங்கள் நிலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும்; தெரியாத ஒன்றுக்காக அவரைப் பொறுப்பாக்க இயலாது. இன்னொரு பக்கம், வேலை உறுதி ஆவதற்கு முன் உடல்நலம் பற்றிப் பொதுவாகக் கேள்வி கேட்க அவருக்குச் சட்டம் அனுமதி தருவதில்லை. தேர்வுக்கு ஏற்பாடு ஏதும் வேண்டுமா என்று கேட்கலாம். வேலையின் அடிப்படையான ஒரு பணியைச் செய்ய முடியுமா என்பது பற்றிக் கேட்கலாம். இன்னும் சில குறுகிய விதிவிலக்குகள் உண்டு. அவ்வளவுதான்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் அல்ல என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். பிரிட்டன் அரசின் சட்டப் பணிப் பிரிவுக்கு விண்ணப்பித்த, ஆஸ்பெர்கர் நிலை (ஆட்டிசத்தின் ஒரு வகை) உள்ள ஒருவர், கணினியில் வரும் பல விடைத் தெரிவுத் தேர்வுக்குப் பதிலாகச் சுருக்கமான எழுத்து விடை தர அனுமதி கேட்டார். அது மறுக்கப்பட்டது. வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. 2017இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த முடிவை உறுதி செய்தது. கிடைத்த இழப்பீட்டைவிட, எல்லோருக்கும் ஒரே தேர்வு என்பதே நியாயம் ஆகிவிடாது என்று அங்கே நிறுவப்பட்டதுதான் மற்ற விண்ணப்பதாரர்களுக்குப் பயன்.

எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது

ஊரில் இந்த விஷயத்தை வெளியே சொல்லாமல் வளர்ந்தவர்களுக்கு, ஒரு படிவத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தில் குறியிடுவதே தயக்கமான செயல். திருமணப் பேச்சு வரை யோசிக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் படிவம் ஊருக்குத் திரும்பி வராது என்பதோடு, அங்கே அது ஒரு நிர்வாகத் தகவலாகவே கையாளப்பட வேண்டும். ஆனாலும் சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு. ஏற்பாடு எதுவும் தேவைப்படாத நேர்காணலில் சொல்லாமலே இருந்துவிடலாம். ஏற்பாடு தேவை என்றால், நோயறிதலின் பெயரைச் சொல்லாமல், மாற்றுத்திறன் இருக்கிறது, அதனால் இன்ன ஏற்பாடு வேண்டும் என்று மட்டும் எழுதலாம். பெயரையும் சொல்வது மூன்றாவது வழி. என் பரிந்துரை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இருக்கிறது: பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு, மிச்ச இடத்தை எல்லாம் ஏற்பாட்டுக்குக் கொடுங்கள். ஆட்டிசம் என்றால் என்ன என்று இரண்டு பக்கம் விளக்கும் கடிதத்தைப் படிப்பவர், கடைசியில் தாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேடிக் களைத்துப்போவார்.

விண்ணப்பத்தோடு வரும் பன்முகத்தன்மைக் கணக்கெடுப்புப் படிவத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அதில் குறியிட்டால் ஏற்பாடு தானாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்; அது பொதுவாகப் புள்ளிவிவரத்துக்காக வாங்கப்படுவது, நேர்காணல் குழுவின் கைக்கே போகாது. ஏற்பாட்டைத் தனியே கேட்க வேண்டும். அதேபோல், டிசெபிலிட்டி கான்ஃபிடென்ட் என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களின் விளம்பரத்தில் அதன் முத்திரை இருக்கும். குறைந்தபட்சத் தகுதிகளை நிறைவு செய்யும் மாற்றுத்திறனாளிகளை நேர்காணலுக்கு அழைப்பது அத்திட்டத்தின் நடைமுறைகளில் ஒன்று. அதற்கென விண்ணப்பத்தில் தனிக் கட்டம் இருந்தால் தயங்காமல் குறியிடலாம். முத்திரை இருப்பதாலேயே உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் புரிந்து நடப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது, கதவு திறப்பதற்கு அது போதும்.

அரசுப் பணி நமக்கு இல்லை என்று பலர் விட்டுவிடுவதால் இதையும் சொல்ல வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், பிரிட்டிஷ் குடிமக்களுக்கென ஒதுக்கப்படாத சிவில் சர்வீஸ் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே வேலை செய்யும் உரிமை தனியாக இருக்க வேண்டும். கட்டமைப்பு மிகத் தெளிவாக வெளியிடப்பட்ட நேர்காணல் அவர்களுடையது என்பதால், விதிகள் எழுத்தில் இருந்தால் நன்றாகச் செய்பவர்களுக்கு அது பொருத்தமான இடம்.

கடிதம்

அழைப்பு வந்தவுடன், இயன்றால் அன்றோ மறுநாளோ, அழைப்பை அனுப்பிய மனிதவளத் துறை அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியிருந்தாலும் பேசியதை மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். இடையில் சென்னை முகவர் ஒருவர் இருந்தால் அவர் வழியாக மட்டும் அனுப்ப வேண்டாம். இப்படிக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர் அதை அனுப்பாமலே விடக்கூடும். கடிதத்தின் உள்ளடக்கம் இப்படி இருக்கலாம், ஆங்கிலத்தில் உங்கள் நடையில் எழுதிக்கொள்ளுங்கள்:

“நேர்காணலுக்கு அழைத்தமைக்கு நன்றி, குறித்த நேரத்தில் கலந்துகொள்கிறேன். எனக்கு ஆட்டிசம் உள்ளது. நீளமான கேள்விகளைக் காதால் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வது எனக்குக் கடினம். ஆகவே சமத்துவச் சட்டத்தின் கீழ் மூன்று ஏற்பாடுகளைக் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகளை 24 மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள். அது இயலாவிட்டால், கேட்கும்போதே ஒவ்வொரு கேள்வியையும் உரையாடல் பெட்டியில் எழுதுங்கள். என் குறிப்புகளைப் பார்த்துப் பேச அனுமதியுங்கள். நான் கேமராவைப் பார்த்துப் பேசாவிட்டால் அதை ஆர்வமின்மையாகக் கொள்ள வேண்டாம் என்று குழுவினருக்குத் தெரிவியுங்கள். குழுவில் இருப்பவர்களின் பெயர்களையும், நேர்காணல் எவ்வளவு நேரம் நடக்கும் என்பதையும் அனுப்பினால் உதவியாக இருக்கும்.”

இதில் கவனிக்க வேண்டியது, முதலில் கேட்டது கிடைக்காவிட்டால் இரண்டாவது என்ன என்பதையும் கடிதமே சொல்லிவிடுகிறது. முடியாது என்ற ஒற்றைச் சொல்லோடு கடிதப் போக்குவரத்து முடிந்துவிடாமல் இருக்க இது நல்ல வழி. கேள்விகளை முன்கூட்டியே தருவது அங்கே இப்போது விசித்திரமான கோரிக்கை அல்ல. ஜான் லூயிஸ் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் 2024இல் தன் நேர்காணல் கேள்விகளை எல்லோருக்குமாக இணையத்திலேயே வெளியிட்டது.

என்ன கேட்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஏடிஹெச்டி உள்ளவர், இரண்டு மூன்று பகுதிகள் கொண்ட கேள்வியைப் பிரித்துக் கேட்கச் சொல்லலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் நேர்காணலில் இடைவேளை கேட்கலாம், தமக்கு மனம் ஒருமுகப்படும் வேளையைக் குறிப்பிடலாம். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் தருவது பழக்கமான ஏற்பாடு. வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தவும், படிக்க வேண்டிய ஆவணத்தை முன்னதாகப் பெறவும் கேட்கலாம். ஒலிக்கும் ஒளிக்கும் கூசுபவர், நேரில் போவதாயின் அமைதியான அறையையும் காத்திருக்கத் தனி இடத்தையும் கேட்கலாம். பத்து ஏற்பாடுகளைப் பட்டியலிடுவதைவிட, உண்மையில் வேறுபாடு ஏற்படுத்தும் மூன்று நான்கைக் காரணத்தோடு கேட்பதே பலன் தரும்.

பதில்களைத் தயாரித்தல்

பிரிட்டிஷ் நேர்காணலின் நடுத்தூண், ‘நீங்கள் இன்னதைச் செய்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்’ என்ற வகைக் கேள்வி. கருத்தோ கொள்கையோ அங்கே வேண்டாம், நடந்த ஒரு சம்பவம் வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கு, இப்படிப் பொத்தாம்பொதுவாகக் கேட்டவுடன் வாழ்நாளின் நினைவுகளிலிருந்து பொருத்தமான ஒன்றைப் பொறுக்கி எடுப்பது மிகவும் சிரமம். ஏடிஹெச்டி உள்ளவருக்கு எல்லாமே ஒரே நேரத்தில் வந்து நிற்கும். எனவே தேடும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். வேலை விவரக் குறிப்பில் உள்ள திறன்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் பணியிலோ படிப்பிலோ நடந்த ஒரு சம்பவத்தைக் குறியுங்கள். ஆறிலிருந்து எட்டுச் சம்பவங்கள் இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு ஏதேனும் ஒன்று பொருந்தும். ஒன்றே இரண்டு திறன்களுக்குப் பொருந்துவதில் தவறில்லை, ஆனால் ஒரே நேர்காணலில் அதையே மறுபடியும் சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு சம்பவத்தையும் ‘ஸ்டார்’ என்ற முறைப்படி நான்கு பகுதியாக எழுதுங்கள்: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. நுணுக்கங்களில் இயல்பான ஆர்வம் உள்ளவர்கள் நிலைமையை விளக்குவதிலேயே இரண்டு நிமிடத்தைக் கழித்துவிடுகிறார்கள். பழைய சர்வரின் பதிப்பு எண் வரை வந்துவிடும். நிலைமைக்கும் பொறுப்புக்கும் சேர்த்து மூன்று நான்கு வாக்கியம் போதும். பதிலில் பாதிக்கு மேல் நீங்கள் செய்ததே இருக்கட்டும். விளைவில் ஓர் எண் இருந்தால் நல்லது. மொத்தம் இரண்டு அல்லது மூன்று நிமிடம். கைப்பேசியில் பதிவு செய்து, நேரத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

செய்ததைச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்பதைக் குறைத்து ‘நான்’ என்று பேச வேண்டியிருக்கும். தம் பங்கைத் தாமே எடுத்துச் சொல்வது தற்பெருமை என்று நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் கற்றிருக்கிறோம். மதிப்பெண் தாளை வைத்திருப்பவரோ, குழு செய்தது எது, நீங்கள் செய்தது எது என்று பிரிக்க முடியாதபோது மதிப்பெண்ணை நிறுத்திவிடுகிறார். சிவில் சர்வீஸில் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் உண்டு, 4 என்பது ஏற்கத்தக்க நிலை. நல்ல வேலை செய்தவர் 3இல் நின்றுபோவதற்கு இந்தப் பணிவு ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

வேறு சில கேள்விகளில், கேட்கப்படுவது ஒன்றாகவும் எதிர்பார்க்கப்படுவது வேறாகவும் இருக்கும். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்பவர்களுக்கு இது பொறி. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் சொந்த ஊர், பெற்றோர் தொழில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் எதுவும் வேண்டாம்; இப்போது செய்யும் வேலை, அதற்கு முன் செய்தவற்றில் இந்தப் பணிக்குத் தொடர்புடைய ஒன்றிரண்டு, இந்தப் பணியை ஏன் நாடுகிறீர்கள் என்பது, இவ்வளவையும் ஒன்றரை நிமிடத்துக்குள் சொன்னால் போதும். ‘ஏன் இந்த வேலை?’ என்பதற்குச் சம்பளமும் விசாவும்தான் உண்மையான விடையாக இருக்கலாம், அதை அவர்களும் அறிவார்கள், ஆனால் கேட்கப்படுவது அது அல்ல. வேலை விவரக் குறிப்பில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு பொறுப்பைச் சுட்டி, அதை முன்பு எங்கே செய்தீர்கள் என்று சொல்லுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்ற கேள்வி, குறையை அறிந்து அதற்கு ஏற்பாடு செய்துகொள்பவரா நீங்கள் என்று பார்க்கிறது. வேலையின் உயிர்நாடி அல்லாத ஓர் உண்மையான குறையையும், அதற்கு நீங்கள் கண்ட வழியையும் சொல்லி நிறுத்துங்கள். நோயறிதலைத் திட்டமிடாமல் கொட்டிவிடுவதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

அந்த நாளில்

நேரத்தை முதலில் உறுதி செய்யுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம். இந்த மாற்றம் நடக்கும் வாரங்களில் பிழை எளிதாக நேரும். அழைப்பை நாள்காட்டிச் செயலியில் லண்டன் நேரத்திலேயே பதிந்து, ஒரு மணி நேரம் முன்னும் பத்து நிமிடம் முன்னும் அலாரம் வையுங்கள்.

காணொளி நேர்காணல் பல வகையில் நமக்குச் சாதகமானது. உங்கள் முகத்தையே நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது கவனத்தைச் சிதறடித்தால், ஜூம், டீம்ஸ் இரண்டிலும் அதை மறைத்துவிடலாம். ஸ்காட்லாந்து உச்சரிப்பையோ நியூகாசில் உச்சரிப்பையோ பின்தொடர முடியாவிட்டால் பேச்சை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும் நேரடி எழுத்துரையை இயக்கலாம். முன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கையில் உருட்ட எதுவும் வேண்டுமாயின் கேமராவுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஆள் இல்லாமல், திரையில் வரும் கேள்விக்கு விடையைப் பதிவு செய்யச் சொல்லும் முறையில், யோசிக்கும் நேரம் பெரும்பாலும் மிகக் குறைவு. அதை நீட்டித் தரவோ, அதற்குப் பதில் ஆளோடு பேசவோ கேட்பது நியாயமான ஏற்பாடே. இந்த வகையில் பெயர் பெற்ற ஹயர்வ்யூ நிறுவனம் முகபாவத்தைக் கணினியால் மதிப்பிடுவதைக் கைவிட்டதாக 2021இல் அறிவித்தது, ஆகவே அங்கே கண் எங்கே பார்க்கிறது என்ற கவலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் நலமா என்றும் வானிலை பற்றியும் பேச்சு வரும். அது வெறும் முகமன். ஒரு வரி பதில் சொல்லி, நன்றி கூறினால் முடிந்தது. ‘சார்’, ‘மேடம்’ வேண்டாம், அவர்கள் அறிமுகம் செய்துகொண்ட முதற்பெயரைச் சொல்லி அழைப்பதே அங்கே மரியாதை. நீங்கள் பதிலை முடித்ததும் ஒரு நீண்ட அமைதி வரக்கூடும். அதிருப்தி என்று நினைத்துக்கொண்டு பலர் மேலும் மேலும் பேசி, நல்ல பதிலையும் குழப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் அப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள், முகத்தில் உணர்ச்சி காட்டாமல் இருப்பதும் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதற்காகத்தான். முடிந்தது என்பதை நீங்களே ‘இதுதான் என் பதில்’ என்று சொல்லி நிறுத்துங்கள். கேள்வி புரியாவிட்டால் ‘வேறு சொற்களில் கேட்க முடியுமா?’ என்றும், தலை வெறுமையானால் ‘அரை நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்’ என்றும் சொல்வதற்கான ஆங்கில வாக்கியங்களை எழுதித் திரையருகே ஒட்டி வைக்கலாம். இயல்பை அடக்கி ஒரு மணி நேரம் நடிப்பது எவ்வளவு களைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் இரண்டு நேர்காணல் வேண்டாம்.

முடிவு வந்த பிறகு

கிடைக்கவில்லை என்றால் பின்னூட்டம் கேளுங்கள். பொத்தாம்பொதுவான ஒரு வரி வந்தால், பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றி வைத்திருக்கும் குறிப்புகளையும் மதிப்பெண்களையும் எழுத்தில் கோரலாம்; பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். கேட்ட ஏற்பாடு காரணமின்றி மறுக்கப்பட்டிருந்தால், ஏகாஸ் என்ற பொது அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது. தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் அதன் சமரச நடைமுறையைத் தொடங்கியாக வேண்டும். அதற்கான கால வரம்பு சில மாதங்கள்தான் என்பதால், நடப்பு வரம்பை அவர்களிடமே உடனே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிடைத்தால், நிபந்தனையுடன் கூடிய வேலைக் கடிதத்துக்குப் பின் உடல்நலப் படிவம் வரலாம். அதில் உண்மையை எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, மாற்றுத்திறன் என்பதற்காக மட்டும் வேலையைத் திரும்பப் பெற்றால் அது பாகுபாடு ஆகும். நேர்காணலுக்காக மனிதவளத் துறையிடம் சொன்னது உங்கள் நேரடி மேலாளரிடம் தானாகப் போய்ச் சேராது. பணிக்குத் தேவையான ஏற்பாடுகளைத் தனியே ஒரு பக்கத்தில் எழுதி, சேரும் நாளுக்கு முன்பே அவருக்கு அனுப்புங்கள். அங்கே குடியேறிய பின், கருவிகளுக்கும் பயிற்சியாளருக்கும் நிதி தரும் ஆக்சஸ் டு வொர்க் என்ற அரசுத் திட்டத்துக்கு உங்கள் விசா நிலையில் தகுதி உண்டா என்று விசாரியுங்கள்.